தொம்லூர்க் கல்வெட்டுகள்

பெங்களூர்த் தமிழரின் வரலாற்றை, 1809ஆம் ஆண்டில் அலசூரை ஒட்டி ஆங்கிலேயர் அமைத்த இராணுவப் பாளையத்திலிருந்து தொடங்குவதே பலருக்கும் வழக்கம். அப்பாளையத்துக்குத் தெற்கே, பழைய விமான நிலையச் சாலையை அடுத்துள்ள தொம்லூருக்கு நேயர்கள் ஒருமுறை சென்றுவந்தால், அத்தொடக்கம் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் பின்னே போய்விடும்.

தொம்லூரின் பழஞ்சின்னம் சொக்கநாதர் கோயில். பெயரைக் கேட்டதும் மதுரையை எண்ணிவிட வேண்டா. இங்கு எழுந்தருளியிருப்பவர் திருமால். கோயிற் கல்வெட்டுகள் அவரைச் சொக்கப்பெருமாள் என்றும், ஊரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. பட்டணம் என்ற சொல்லையும் தேசி என்ற வணிகர் பெயரையும் நோக்குமிடத்து, இது வெறும் உழவர் சிற்றூராக இருந்திராது என்றே கருதுகிறோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்டவர் போசளர். அவர் மொழி கன்னடம். அவ்வாறிருக்கக் கல்லில் தமிழ் எவ்வாறு வந்தது? 1004ஆம் ஆண்டளவில் தலைக்காட்டைக் கைப்பற்றிய சோழர், நூறாண்டுக்கு மேல் இந்நிலத்தை ஆண்டனர். ஆட்சி போயிற்று; ஊராரும் கோயிற் கணக்கரும் பழகிய எழுத்துப் போகவில்லை. 1254இல் போசள நாடு இரு கூறானபோது, இப்பக்கம் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரிலிருந்து ஆண்ட இராமநாதனின் பங்கில் வந்தது. தமிழ் நாட்டில் அமர்ந்த கன்னட அரசன், கன்னட நாட்டுக் கோயிலில் தமிழிலேயே ஆவணம் பொறிக்க விட்டான்!

தொம்லூர்க்கல் கூறும் விண்ணமங்கலத்து ஏரியின் பெயர் இன்று பின்னமங்கலா என அண்டைப் பேட்டையின் பெயராய் வழங்குகிறது. மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றுண்டு. வேப்பூரார் ஒருவர், வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலம் அளித்த செய்தியை அது கூறுகிறது. வேப்பூர் இன்றைய பேகூர், வெங்களூர் பெங்களூரே. தமிழில் நாம் 'வா' என அழைப்பதைக் கன்னடர் 'பா' என்பர். நமது வேர் அவர்க்குப் 'பேரு'. அம்முறையிலேயே இவ்வூர்ப் பெயர்களும் நிற்கின்றன. இதைக்கொண்டு நகரம் எவருடையது என வழக்காடுவோர்க்கு ஒன்று சொல்லவேண்டும்: பேகூரில் ஏறத்தாழ 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட நடுகல், பெங்களூர் என்ற பெயரை அதற்கும் முன்பே தந்துவிட்டது. இரு மொழியாரும் அடுத்தடுத்து வாழ்ந்து, ஒரே ஊரைத் தத்தம் நாவுக்கேற்ப அழைத்தனர், அவ்வளவே.

மடிவாளத்து வேறு கற்கள் தாமரைக்கரையைக் கூறுகின்றன. அது இன்றைய தாவரெகெரே.

பெங்களூரிலேயே பிறந்த லூயி ரைஸ் என்னும் அறிஞர் இம்மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905இல் வெளியிட்டார். அவர் படித்த கற்களுட் பல இன்று இருந்த இடத்தில் இல்லை. சாலை அகன்றபோதும் வீடு எழுந்தபோதும் அவை மறைந்தன; அவர் அச்சிட்ட வாசகமே அவற்றுக்கு எஞ்சியது. மிஞ்சியுள்ள கற்களை, 1909இல் தோன்றிய மிதிக் சங்கத்தார் 2021 முதல் முப்பரிமாண முறையில் படியெடுத்து வருகின்றனர்.