அல்லைப்பிட்டியிலிருந்து ஒரு நாவலாசிரியர்



ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றைச் சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' வெளிவந்த 1885ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது நமது வழக்கம். அதன்பின் வந்தோரில் ஆசிரியர்களும் பட்டதாரிகளும் அதிகம். தீவுப்பகுதியோடு தொடர்புடையோரும் இதற்கு விலக்கல்லர். 1935இல் புங்குடுதீவில் பிறந்த மு. தளையசிங்கம் பேராதனைப் பட்டதாரி, ஆசிரியர். நெடுந்தீவின் கடலோர வாழ்வை 'வாடைக்காற்று' நாவலில் தந்த செங்கை ஆழியானும் பேராதனையிற் பயின்றவரே. கல்விக்கூடத்தின் வழியே வந்த இந்த வரிசையில் அடங்காத ஒருவரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். அவர் ஷோபாசக்தி.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் வழியில், வேலணைத் தீவின் வாசலில் இருப்பது அல்லைப்பிட்டி. அங்கே 1967இல் பிறந்தவர் அவர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானபோது அவருக்கு 14 வயதுதான் இருக்கும். 1983இன் ஆடிக் கலவரத்தை அடுத்து, வடக்கிலே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு இயக்கங்களுக்குப் போனார்கள். அந்தக் காலப்பகுதியில், 15, 16 வயதளவில், அவரும் விடுதலைப் புலிகளோடு சேர்ந்தார். சில ஆண்டுகளில் விலகினார். பின்னர் நாட்டைவிட்டு வெளியேறி, தாய்லாந்தில் அகதியாகச் சிலகாலம் இருந்து, 1993இல் பிரான்சை அடைந்தார். அங்கே கோப்பை கழுவியும் கடைகளில் வேலை செய்தும் வாழ்ந்தார். முதல் நாவலான 'கொரில்லா' 2001இல் வெளிவந்தது.

இயக்கத்துக்குப் போன ஆண்டிலிருந்து நாவல் வந்த ஆண்டுவரை ஏறக்குறைய 18 ஆண்டுகள். உயர்தர வகுப்பில் நாவல் இலக்கியம் படிப்பிக்கும்போது, "நாவல் எழுத என்ன படிக்க வேணும், சேர்?" என்று யாராவது ஒரு மாணவர் கேட்பதுண்டு. அப்போதெல்லாம் இந்தப் 18 ஆண்டுகளே என் நினைவுக்கு வரும். அக்காலத்தில் அவருக்கு வாய்த்த பள்ளிக்கூடம் எது?

அதற்கான விடையொன்று 'கொரில்லா'விலேயே இருக்கிறது. அந்நாவல் அகதி அந்தஸ்துக் கேட்டுப் பிரெஞ்சு அதிகாரிகளுக்கு எழுதும் விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. ஈழத்தமிழர் புலம்பெயர்ந்த நாடுகளில் பல்லாயிரக்கணக்கில் எழுதிய உரைநடை இந்த விண்ணப்பந்தான். எங்கே பிறந்தாய், யார் பிடித்தார்கள், எத்தனை நாள் அடைத்தார்கள், எப்படித் தப்பினாய் என்ற கேள்விகளுக்கெல்லாம் திகதி பிசகாமல் விடை எழுதவேண்டும். நம்பினால் தங்கலாம், நம்பாவிட்டால் திரும்பவேண்டும். வாசகர் நம்புவதிலேயே எழுதியவரின் உயிர் தங்கியிருந்த எழுத்து அது.

ஆனால் விண்ணப்பத்துக்கு ஓர் எல்லையுண்டு. தனக்கு நேர்ந்த கொடுமையை எழுதலாம். தான் செய்ததை எழுத முடியாது. பயத்தையும் பொய்யையும், தான் ஏந்திய ஆயுதத்தையும் அங்கே மறைத்தாகவேண்டும். மறைத்தவற்றைச் சொல்ல வேறோர் இடம் வேண்டும். நாவல் அந்த இடமாயிற்று.

கதையிலே ரொக்கிராஜ் என்ற தீவுச் சிறுவன் முரடனான தகப்பனிடமிருந்து தப்பி இயக்கத்துக்குப் போகிறான். தகப்பனின் பட்டப்பெயர் கொரில்லா. எந்தப் பெயருக்கு அஞ்சி ஓடினானோ அதுவே அவனை இயக்கத்திலும் தொடர்கிறது. விலங்கையும் ஆயுதப் போராளியையும் ஒருங்கே சுட்டும் தலைப்பு அது. வீட்டின் வன்முறையையும் நாட்டின் வன்முறையையும் ஒரே சொல்லிற் கட்டியிருக்கிறார். தீவுப்பகுதிப் பேச்சுத்தமிழ் கதையை நடத்திச் செல்ல, உண்மை மனிதர்களையும் சம்பவங்களையும் அடிக்குறிப்புகள் பதிவுசெய்கின்றன.

பின்னர் 'ம்' (2004), 'பாக்ஸ் கதைப்புத்தகம்' (2015), 'இச்சா' (2019), 'ஸலாம் அலைக்' (2022) என நாவல்கள் தொடர்ந்தன. 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதுபெற்ற 'தீபன்' படத்தின் கதாநாயகனாக நடித்தவரும் இவரே. அவருடைய அரசியற் பார்வையோடு உடன்படாதோர் நம்மிடையே பலர். எனக்கும் மாறுபடும் இடங்கள் உண்டு. ஆனால் உடன்பாடு வேறு, வாசிப்பு வேறு.

ஏனென்றால் அந்த ஊரின் கதை அவரோடு வெளியேறிவிடவில்லை. 1990இலும் 1991இலும் நடந்த இராணுவ நடவடிக்கைகளால் தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். 2006 மே 13ஆந் திகதி அல்லைப்பிட்டியிலும் அயலூர்களிலும் 13 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அவர்களிற் குழந்தைகளும் இருந்தனர். ஆட்கள் போனபின் வீடுகள் இடிந்தன. வளவுகளிற் பற்றை மூடியது. ஊரின் பேச்சும் வசையும் பட்டப்பெயர்களும் எந்த விசாரணைக் கோவையிலும் ஏறுவதில்லை. அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பது கதைகளே.

நாவல் எழுத விரும்பும் இளையோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். இந்தச் சிறுவன் நடந்த பாதை எந்தப் பிள்ளைக்கும் வாய்க்கவேண்டாம். ஆனால் தனக்கு நடந்ததோடு தான் செய்ததையும் எழுதிய துணிவை அவரிடமிருந்து கற்கலாம். அதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை.