தலையெண்ணித் தரும் பணம், காரணம் கேட்டுத் தரும் பணம்

ஒரு வார இறுதியில் இரண்டு நாள் பாஞ்சோ இசைப் பயிலரங்கு நடத்தப் பெரிய செலவில்லை. ஆசிரியர்களின் ஊதியம், வழிச்செலவு, மண்டப வாடகை, கருவியில்லாமல் வருகிறவர்களுக்கு இரவல் பாஞ்சோ, அவ்வளவுதான். ஆனால் எல்லாவற்றையும் கட்டணத்தில் ஏற்றினால் கையில் காசுள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். இந்தத் துண்டு விழுதலைப் பொதுப்பணத்தால் ஈடுகட்ட அமெரிக்காவின் வட கரோலினா ஒரு வழி வைத்திருக்கிறது, இங்கிலாந்து வேறொரு வழி.

வட கரோலினா பாஞ்சோவுக்குச் சொந்த ஊர் மாதிரி. மூன்று விரல் மீட்டலை நாடறியச் செய்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1924இல் அங்கே கிளீவ்லண்ட் கவுண்டியில் பிறந்தவர். 1945 கடைசியில் அவர் பில் மன்றோவின் இசைக்குழுவில் சேர்ந்த பிறகுதான் புளூகிராஸ் என்ற இசைவகை இன்றைய உருவத்தை எட்டியது. அம்மாநிலக் கலை மன்றத்தின் ‘கிராஸ்ரூட்ஸ்’ திட்டம் 1977 முதல் 100 கவுண்டிகளுக்கும் மக்கள்தொகை அடிப்படையில் பணம் பிரித்துத் தருகிறது. உள்ளூர்க் கலை அமைப்புகள் அதைச் சிறு மானியங்களாக்கி ஊருக்குள் கொடுக்கின்றன. அங்கே பாஞ்சோ எதற்கு என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தைப் படிப்பவரின் தாத்தாவே வாசித்திருக்கக்கூடும்.

ஆனால் தலையெண்ணுவதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சார்லட் நகரம் உள்ள மெக்லன்பர்க் கவுண்டியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். புளூ ரிட்ஜ் மலையிலுள்ள அலகேனி கவுண்டியிலோ சுமார் 11,000 பேர்தான். பாஞ்சோ வீட்டுக்கு வீடு ஒலிப்பது மலையில், பணம் குவிவது சமவெளியில். பள்ளி நேரத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு பாஞ்சோவும் ஃபிடிலும் சொல்லித்தரும் ‘ஜூனியர் அப்பலேச்சியன் மியூசிஷியன்ஸ்’ 2000இல் முளைத்தது அந்த அலகேனியில்தான். தொடங்கியவர் ஹெலன் வைட் என்ற பள்ளி ஆலோசகர். எந்தச் சூத்திரமும் அதை அங்கே கொண்டுபோய் நட்டுவைக்கவில்லை.

இங்கிலாந்தில் பாஞ்சோ கடல் கடந்து வந்த விருந்தாளி. அங்கே ஒரு சிறு குழு முதலில் தட்டிப்பார்க்கும் கதவு லாட்டரி நிதியின் ‘அவார்ட்ஸ் ஃபார் ஆல்’. 1994இல் தொடங்கிய தேசிய லாட்டரியின் வருவாயிலிருந்து 300 முதல் 20,000 பவுண்டு வரை கிடைக்கும். மலைக் கவுண்டிக்காரருக்கு இது கனவுத் தொகை. ஆனால் மனிதர்கள் ஒன்றுகூடுவார்களா, வட்டாரத்துக்கு நன்மை உண்டா என்று கேள்வி வரும். ஆக, பாஞ்சோக்காரர் தனிமையைப் பற்றியும் முதியோரைப் பற்றியும் எழுத ஆரம்பிக்கிறார். அது பொய் என்று சொல்லமாட்டேன், வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தனிமை குறையத்தான் செய்யும். ஆனாலும் கலையைப் பின்வாசல் வழியாக அழைத்துவருவது எனக்கு உவப்பாயில்லை. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் ஜெயிக்கிறார். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் அவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

இன்னொரு சங்கடம், பலனை முன்கூட்டியே சொல்லச் சொல்வது. 2005 ஏப்ரலில் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்களின் கூடுகை ஒன்று நடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்த வேர் அந்தக் கருவிக்கு உண்டு என்பதைப் பேசவும் வாசிக்கவும் சில நாள். அங்கே சந்தித்த இளைஞர்கள் சேர்ந்து ‘கரோலினா சாக்லெட் டிராப்ஸ்’ குழுவை அமைத்தார்கள், 2011இல் கிராமி விருது பெற்றார்கள். எந்த விண்ணப்பத்தின் ‘எதிர்பார்க்கும் விளைவுகள்’ கட்டத்தில் இதை முன்னதாக எழுதியிருக்க முடியும்?

அதனால் வார இறுதிப் பயிலரங்குக்குக் கேள்வி குறைவான வட கரோலினா வழியே ஏற்றது என்பேன், மலைக் கவுண்டிகளுக்குத் தலைக்கணக்கைத் தாண்டி ஒரு அடிப்படைத் தொகையை உறுதிசெய்தால். ஒரு விஷயத்தில் மட்டும் லாட்டரிக்கே என் வாக்கு: கருவி வாங்கவும் அதில் கேட்கலாம். அப்படி வாங்கிய பத்து பாஞ்சோக்கள் இருந்தால், பயிலரங்கு முடிந்த திங்கட்கிழமையே அவற்றை மாணவர்களுக்கு இரவல் கொடுத்துவிடலாம்.