கையடக்கத் திரையும் காட்சித் தரமும்: போக்கிமொன் விளையாட்டுக்கள் மீதான இரசிகர் கண்டனம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி யப்பானில் வெளியான இரு கையடக்க வீடியோ விளையாட்டுக்களோடு போக்கிமொன் என்னும் நெடுந்தொடர் தோற்றம் பெற்றது. ஏறத்தாழ மூன்று தசாப்தங்களாக அத்தொடரைப் பின்பற்றிவரும் இரசிகர் கூட்டத்தினுள்ளிருந்தே அதன் மிகக் கடுமையான கண்டனக் குரல்களும் எழுந்து வந்துள்ளன. அக்கண்டனத்தின் மையப்பொருள் காட்சித் தரமாகும். மரங்கள் உயிரற்றவை, நிலப்பரப்பு வெறுமையானது, உருவங்களின் அசைவுகள் பழையவை என்பன அடிக்கடி கேட்கப்படும் முறைப்பாடுகள். சிறுவரின் விளையாட்டுப் பொருள் பற்றிய அற்பப் பிணக்கு இது எனத் தள்ளிவிடுவோரும் உளர். ஆயின் இம்முறைப்பாடுகளைக் கால ஒழுங்கில் வைத்து நோக்குமிடத்து, ஒரு பண்டத்தை ஆக்குவோருக்கும் அதனை நுகர்வோருக்கும் இடையில் நிலவிய எழுதப்படாத உடன்பாடொன்று படிப்படியாகத் தளர்ந்த வரலாறு புலப்படும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடரின் பிறப்பிடம் நின்ரெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட 'கேம் போய்' என்னும் கருவியாகும். 160க்கு 144 புள்ளிகள் கொண்ட அதன் திரை நான்கு சாயல்களை மட்டுமே காட்டவல்லது. வர்ணத்திரை அக்காலத்திலும் இருந்தது. ஆனால் அது விலை கூடியது, மின்கலத்தை விரைவில் உறிஞ்சுவது. பழகித் தேய்ந்த மலிவான தொழினுட்பத்தைப் புதுவழியிற் பயன்படுத்துதல் என்பதே அக்கருவியை உருவாக்கிய குன்பெய் யோக்கோயின் கோட்பாடு. அச்சிறு திரைக்காகவே சாதோஷி தஜிரியின் தலைமையில் கேம் பிறீக் நிறுவனம் 151 பிராணிகளைப் படைத்தது. கேம் பிறீக் 1983இல் ஒரு சஞ்சிகையாகத் தொடங்கியது. அதற்குப் படம் வரைந்த கென் சுகிமோரியே பின்னர் இப்பிராணிகளின் தோற்றத்துக்கும் பொறுப்பாயிருந்தார். ஒவ்வொரு பிராணியும் அசையாத ஒரு சிறு படம். எஞ்சியதை ஆடுவோரின் கற்பனை நிரப்பியது.

அவ்வாறாயினும் காட்சித் தரம் பற்றிய அக்கறை அப்பொழுது இருக்கவில்லை என்பது தவறாகும். 'றெட்', 'கிறீன்' ஆகிய முதலிரு பதிப்புக்களின் படங்கள் பல ஒழுங்கற்றவையாய் இருந்தன. அதே ஆண்டு ஒக்டோபரில், சிறுவர் சஞ்சிகையொன்றின் வாசகருக்கு அஞ்சல் வழியாக விற்கப்பட்ட 'புளூ' பதிப்பில் அவை புதிதாக வரையப்பட்டன. 1998இல் அமெரிக்காவிற் போய்ச் சேர்ந்தவை இத்திருத்திய படங்களே. படைப்பாளரே தம் குறையைக் கண்டு தாமே திருத்திய நிகழ்ச்சி இது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதனையடுத்து வந்த காலப்பகுதியைத் தட்டைப் படங்களின் காலம் எனலாம். 1999இல் வெளியான 'கோல்ட்', 'சில்வர்' ஆகியவற்றில் வர்ணம் புகுந்தது. பிராணிகள் 251 ஆயின. 2000இல் வந்த 'கிறிஸ்ரல்' பதிப்பில் அப்படங்கள் முதன்முதலாக அசைந்தன. 2002இல் 'ரூபி', 'சபயர்' ஆகியன கேம் போய் அட்வான்ஸ் கருவியின் கூடிய தெளிவைப் பெற்றன. எனினும் 'கிறிஸ்ரல்' தந்த அசைவு அவற்றில் இல்லை. 2004இல் 'எமரல்ட்' பதிப்பே அதனை மீட்டளித்தது. பழைய கருவியிற் சேர்த்த பிராணிகளைப் புதிய விளையாட்டுக்குக் கொண்டுசெல்ல இயலாமை அக்காலத்துப் பெருங்குறையாயிற்று. 2010இல் 'பிளாக்', 'வைற்' ஆகியவற்றில் பிராணிகள் போர்க்களத்தில் இடையறாது அசைந்தன. ஆனால் காட்சி அண்மிக்கும்போது புள்ளிகள் பெருத்து உருவம் சிதைவதாகக் குறை கூறப்பட்டது. இவை யாவற்றுக்கும் இரசிகர் ஏற்றுக்கொண்ட விளக்கம் ஒன்றே: கருவியின் எல்லை. சிறு கருவி, சிறு நினைவகம், ஆகவே சிறு படம். எழுதப்படாத உடன்பாடு என மேலே குறிப்பிட்டது இதனையே.

2013 ஒக்டோபர் 12ஆம் திகதி வெளியான 'எக்ஸ்', 'வை' ஆகியன இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். அப்பொழுது 721 ஆகப் பெருகியிருந்த பிராணிகள் முப்பரிமாண உருவங்களாயின. கண்ணாடி அணியாமலே ஆழத்தைக் காட்டுவது அக்கருவியின் சிறப்பு. ஆனால் அவ்வசதி போர்க்களத்துக்கும் வேறு சில இடங்களுக்கும் மட்டுமே கிட்டியது. அங்கும் காட்சி தடுமாறி ஓடியமை அன்றே கண்டிக்கப்பட்டது. இதனிலும் முக்கியமான மாற்றம் ஒன்றுண்டு. தட்டைப் படத்தைப் புதிய கருவிக்கு மீள வரையவேண்டும். முப்பரிமாண உருவத்தையோ ஒருமுறை ஆக்கினால் மீண்டும் பயன்படுத்தலாம். அவ்வுருவங்கள் அன்றைய சிறு திரை காட்டவல்லதை விடவும் நுணுக்கமாகவே ஆக்கப்பட்டிருந்தன. ஆகவே இட்ட உழைப்பு வருங்காலத்துக்கெனச் சேமிக்கப்படுகின்றது என இரசிகர் கருதினர். 2019இன் கொந்தளிப்புக்கான வித்து இக்கருத்திலேயே இருந்தது.

2017இல் வெளிவந்த 'ஸ்விச்' கையிலும் ஆடக்கூடியது, தொலைக்காட்சியோடு இணைத்தும் ஆடக்கூடியது. கையகலத் திரை மறைத்த குறைகளைப் பெருந்திரை மறைக்கவில்லை. 2019 யூன் மாதத்தில் தயாரிப்பாளர் ஜூனிச்சி மசுதா ஓர் அறிவித்தலை விடுத்தார். வரவிருந்த 'சோர்ட்', 'ஷீல்ட்' விளையாட்டுக்களுக்குப் பழைய பிராணிகள் அனைத்தையும் கொண்டுவர இயலாது என்பதே அது. எண்ணிக்கை 800ஐத் தாண்டிவிட்ட நிலையில், அசைவுகளின் தரம், ஆட்டச் சமநிலை, உரிய காலத்தில் முடித்தல் ஆகியன காரணங்களாகக் காட்டப்பட்டன. இரசிகர் அக்காரணங்களையே உரைகல்லாக்கினர். புதிய உருவங்களைப் பழையவற்றோடு அருகருகே வைத்து, இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என வாதிட்டனர். முன்னோட்டத்திற் கண்ட மரமொன்றை 1998இல் வெளிவந்த 'செல்டா' விளையாட்டின் மரத்தோடு ஒப்பிட்டு எள்ளினர். அதே ஸ்விச் கருவியில் 2017இலேயே விரிந்த வனப்பான உலகத்தைக் காட்டிய 'பிறெத் ஒஃப் த வைல்ட்' கண்முன்னே நின்றமையால், கருவியின் எல்லை என்ற பழைய விளக்கம் வலுவிழந்தது. 2020இல் மேலதிக விலைக்கு விற்கப்பட்ட பகுதிகளோடு 200க்கும் மேற்பட்ட பிராணிகள் மீண்டமை சிலரைத் தணித்தது. சிலரை மேலும் சினமூட்டியது.

மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். 'பிறெத் ஒஃப் த வைல்ட்' முதலில் 2015இல் வெளிவருமென அறிவிக்கப்பட்டு இருமுறை பிற்போடப்பட்டது. போக்கிமொன் விளையாட்டுக்கு அத்தகைய சுதந்திரம் எளிதிற் கிட்டுவதில்லை. தொலைக்காட்சிச் சித்திரத்தொடர், அட்டை விளையாட்டு, பொம்மை வாணிபம் ஆகிய யாவும் புதிய விளையாட்டின் வருகையோடு பிணைந்துள்ளன. சில நூறு பிராணிகள், ஒவ்வொன்றுக்கும் பல அசைவுகள் என்று பெருக்கிப் பார்ப்பின் வேலையின் பருமன் விளங்கும். திகதி அசையாது, பிராணிகளின் தொகையோ வளரும் எனின், குறையக்கூடியது தரம் ஒன்றே. இதனை உணராது தனிப்பட்ட பணியாளரை வசைபாடியோரின் செயல் கண்டனமாகாது; அது குற்றத்தைப் பிழையான இடத்திற் சுமத்தியதாகும். அவ்வேளையில் பணியாளருக்கு நன்றி கூறும் எதிர்க்குரலும் இரசிகரிடையே எழுந்தமை குறிப்பிடத்தக்கது.

2022 நவம்பர் 18ஆம் திகதி வெளியான 'ஸ்காலற்', 'வயலற்' ஆகியவற்றோடு முரண்பாடு உச்சமடைந்தது. பாத்திரங்கள் தரையினுள் புதைந்தன. தூரத்து உருவங்கள் வெட்டிவெட்டி அசைந்தன. ஆயினும் முதல் மூன்று நாட்களில் உலகெங்கும் 1 கோடி பிரதிகள் விற்பனையாயின. டிசெம்பர் மாதத் திருத்தத்தோடு நின்ரெண்டோ பகிரங்கமாக வருத்தந் தெரிவித்தது. 2025 யூன் மாதத்தில் வெளிவந்த ஸ்விச் 2 கருவியிலேயே அவை சீராக ஓடின. அதே ஆண்டு ஒக்டோபரில் வந்த 'லெஜென்ட்ஸ் இஸட்-ஏ' சீராக ஓடியபோதும், அதன் நகரக் கட்டடங்களில் யன்னல்களும் மாடங்களும் தட்டைச் சுவரில் ஒட்டிய படங்களாய்த் தோன்றுவதாக முறைப்பாடு தொடர்ந்தது.

இவ்வளவு குறை கூறியும் மக்கள் வாங்குகின்றனரே, ஆகவே அக்குறைகள் பொருட்படுத்தத்தக்கன அல்ல என்ற வாதம் ஒன்றுண்டு. அது பொருந்தாது. ஒரு சந்தையில் ஒரு பண்டத்துக்கு மாற்றில்லாதபோது, வாங்குதல் ஒப்புதலுக்குச் சான்றாகாது. சிறுவயதில் வளர்த்த பிராணிகளைத் தொடரும் உரிமையை இவ்விளையாட்டுக்கள் மட்டுமே விற்கின்றன. அன்றியும், கண்டிப்போர் வேண்டுவது பகட்டான காட்சியே எனக் கொள்வதும் பிழை. 1996இன் நான்கு சாயற் படங்களையும் 2010இன் அசையும் புள்ளிப் படங்களையும் இன்றும் விரும்பிப் போற்றுவோரில் அவர்களும் அடங்குவர். எளிமையை அவர்கள் என்றும் வெறுத்ததில்லை. இயலாமையால் விளைந்த குறையை மன்னித்தனர்; அவகாசம் மறுக்கப்பட்டதால் விளைந்த குறையை மன்னிக்க மறுக்கின்றனர்.

ஒரு மரத்தின் தோற்றம் பற்றிய பிணக்கு, அம்மரத்தை வரைந்தவனுக்குக் கொடுக்கப்பட்ட கால அவகாசம் பற்றிய பிணக்காக முடிவதை இவ்வரலாறு காட்டுகின்றது. 1996இல் முதற்படங்களின் குறையைக் கண்ட படைப்பாளர் அவ்வாண்டு முடியுமுன்னரே அவற்றை மீள வரைந்தனர். இரசிகர் இன்று கோருவது புதியதொன்றன்று. அவ்வாறு மீள வரைவதற்கான அவகாசத்தை வரைவோருக்கு அளிக்கவேண்டும் என்பதேயாகும்.