மில்லும் ஆலையும்

கோவையில் 'மில்' என்று தனியாகச் சொன்னால் அது பஞ்சாலைதான். மற்றவற்றுக்கு அரிசி மில், மாவு மில் என்று அடைமொழி வேண்டும். ஆனால் சொல்லின் பிறப்பு மாவு மில்லுக்கே நெருக்கம்.

'அரைத்தல்' என்று பொருள்படும் லத்தீன் வேரில் முளைத்தது மில். அரைக்கும் கடைவாய்ப்பல்லான 'மோலார்' அதற்கு உறவு. இங்கிலாந்தில் மாவரைத்த நீர்ச்சக்கரம் பிறகு மரம் அறுத்தது, 1771இல் குரோம்ஃபோர்டில் ஆர்க்ரைட்டின் ஆலையில் நூலும் நூற்றது. வேலை மாறியும் பெயர் மாறவில்லை. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையோடு அந்தப் பெயர் கோவையில் வேரூன்றியது; 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்ததும் ஊரெங்கும் பரவியது.

நம் 'ஆலை' நடந்த வழியும் வியக்கத்தக்க வகையில் இதுவேதான். பட்டினப்பாலையில் ஆலை என்பது கரும்பு பிழியும் இடம். கொங்குச் சிற்றூர்களில் வெல்லம் காய்ச்சுமிடம் இன்றும் கரும்பாலைதான். பிழிந்த சொல் பஞ்சுக்கும் காகிதத்துக்கும் சிமெண்டுக்கும் வந்து சேர்ந்தது. அரைத்ததும் பிழிந்ததும் ஒரே இடத்தில் சந்தித்துவிட்டன.

ஆகவே 'ஆலை' வலிந்து ஆக்கிய மொழிபெயர்ப்பு அல்ல. மில்லுக்கு முழு இணை. கோவையின் 'லட்சுமி மில்ஸ்' பேருந்து நிறுத்தம் போன்ற ஊர்ப்பெயர்கள் அப்படியே இருக்கட்டும். எழுத்தில் பஞ்சாலை, நூற்பாலை என்று தயங்காமல் எழுதுங்கள்.