ஏரிக்கரையில் எவர்க்கும் இடம்

ஞாயிறு மாலை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையோரம், பருத்திப்பட்டு ஏரி. கதிரவன் மேற்கே சாய்கிறான். நீர்ப்பரப்பின்மீது செம்மை படர்கிறது. கரைமீது மக்கள் நடக்கின்றனர். ஆறு நாளும் இரும்போடு மல்லாடிய தொழிலாளி நடக்கிறார். படையிலிருந்து ஓய்வு பெற்றவர் நடக்கிறார். நடையிலே இன்னும் அணிவகுப்பின் மிடுக்கு! முக்காடிட்ட தாய் ஒருத்தி குழந்தையின் விரல் பற்றி நடக்கிறாள். தெருக்கூட்டும் தோழர் தம் மகளைத் தோளில் சுமந்து நடக்கிறார். ஒருவர் எழுந்த இருக்கையில் மற்றொருவர் அமர்கிறார். "நீ எந்தத் தெரு? என்ன குலம்?" என்று கேட்பார் இல்லை.

"இதில் என்ன வியப்பு? பூங்கா என்றால் நாலு பேர் நடக்கத்தானே செய்வார்கள்!" என்றான், உடன் வந்த என் மாணவன். வியப்பில்லை என்று அவன் எண்ணும் அளவுக்கு அது இயல்பாகிவிட்டதே, அதுதானய்யா வியப்பு! அந்த இயல்பு வானத்திலிருந்து விழுந்ததன்று. வழக்காடிப் பெற்றது, வாதாடிப் பெற்றது, அடிபட்டும் அவமானப்பட்டும் பெற்றது. அந்த வரலாற்றைத்தான் இளைஞர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

சோலை, பொழில், கா, பூங்கா என்று எத்தனை சொற்கள் நம் மொழியிலே! சொற்கள் பல இருந்தன; நுழையும் உரிமையோ பலருக்கு இல்லை. மணிமேகலைக் காப்பியத்தைப் புரட்டிப் பாருங்கள். மலர் பறிக்கப் புறப்படுகிறாள் மணிமேகலை. எந்தச் சோலைக்குச் செல்வது என்பதே பெரும் ஆராய்ச்சியாகிறது. இலவந்திகைச் சோலையா? அங்கே அரசனோடு இருப்போர் இருப்பர், ஆகாது. உய்யானமா? அது தேவர்க்குரியது, பூதம் காக்கிறது, ஆகாது. இறுதியில்தான் உபவனம் செல்லலாம் என்று முடிவாகிறது. புகார் நகரின் எழிலைப் பாடிய காப்பியமே, ஒரு பெண் கால் வைக்கக் கூடாத காக்களின் பட்டியலையும் தருகிறது. அன்றைய சோலைக்கு வேலி இருந்தது; வேலிக்குக் காவலும் இருந்தது.

சோலை அரசனுக்கு. ஏரி யாருக்கு? ஏரி ஊருக்கு என்பார்கள். உண்மைதான். செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. பெய்கிற மழையைத் தேக்கி வைத்து, மதகு திறந்து, கழனிக்குப் பாய்ச்சி நெல் விளைத்த நாடு இது. கரை உயர்த்த மண் சுமந்தவர் யார்? சேற்றிலே நின்று தூர் வாரியவர் யார்? மதகடியிலே கண் விழித்தவர் யார்? உழைக்கும் மக்கள்! ஆனால் 'ஊர்' என்றால் யார் என்று கேட்டபோது, மண் சுமந்தவன் ஊருக்குள் வரவில்லை. அவன் இருந்தது சேரி. வெட்டும்போது அவன் கை வேண்டும். வெட்டிய குளத்தில் அவன் கை படக்கூடாது!

இது ஏட்டில் படித்த செய்தி மட்டுமன்று. என் தாய் சிறுமியாயிருந்த ஊரிலே நல்ல தண்ணீர்க் குளம் ஒன்று இருந்தது. அவள் தெருவாருக்கு அதன் படியில் இடமில்லை. குடத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் காத்து நிற்க வேண்டும். மனமிரங்கி எவரேனும் முகந்து ஊற்றினால் நீர், இல்லையேல் வெறுங்குடம். பட்டப்படிப்பு முடித்து, ஆசிரியனாகி, முதல் சம்பளம் வாங்கிய பிறகு, ஒரு மாலை அவளைப் பருத்திப்பட்டு ஏரிக்கு அழைத்து வந்தேன். நடந்து களைத்தாள். எதிரே இருக்கை காலியாய் இருந்தது. அவள் அமரவில்லை. என் காதருகே வந்து கேட்டாள்: "உட்காரலாமா தம்பி? யாரும் ஏதும் சொல்ல மாட்டாங்களே?"

தோழர்களே! அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு நூற்றாண்டு உழைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

1924-இல் சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசனார் எழுந்து நின்றார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் எதுவாயினும் தாழ்த்தப்பட்ட மக்கள் செல்லத் தடையில்லை என்று தீர்மானம் கொணர்ந்தார். பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவை நாடாண்ட காலம் அது. தீர்மானம் நிறைவேறிற்று, 1925-இல் அரசின் அறிவிப்பாக வெளிவந்தது. தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானம்! தண்ணீர் குடிப்பதற்கு ஓர் அரசாணை! நினைக்கவே நாணமாயிருக்கிறதல்லவா?

அதே காலத்தில் பம்பாய் மாகாணத்திலே மகத் என்னும் ஊர். சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி சொல்லிவிட்டது; நடப்பிலே அது பொதுவாகவில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று, குனிந்து, அந்த நீரை அள்ளிப் பருகினார். அவ்வளவுதான் அவர் செய்த 'குற்றம்'! திரும்பியவர்கள் தாக்கப்பட்டனர். குளம் தீட்டுப்பட்டதென்று சாணமும் கோமியமும் கொட்டித் 'தூய்மை' செய்தனர் சாதிச் செருக்கர். மனிதன் கை பட்டால் அழுக்கு. மாட்டின் கழிவு கலந்தால் தூய்மை! இந்த அறிவை எந்தத் துலாக்கோலில் நிறுப்பது? வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. 1937-இல் உயர்நீதிமன்றம் அம்பேத்கர் பக்கமே தீர்ப்பளித்தது.

1938-இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. 1950-இல் அரசமைப்புச் சட்டம் வந்தது. அதன் 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படியுங்கள். கிணறு, குளம், நீராடுதுறை, சாலை, அரசுப் பணத்தில் பேணப்படும் பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றில், சமயத்தையோ சாதியையோ பாலினத்தையோ பிறந்த இடத்தையோ காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று கூறுகிறது. குளமும் சொல்லப்பட்டிருக்கிறது, கூடுமிடமும் சொல்லப்பட்டிருக்கிறது. பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா இரண்டுமாயிற்றே! என் தாயின் கேள்விக்கு அந்த உட்பிரிவே விடை. "உட்காரம்மா, இது உன் இடம்" என்றேன். அமர்ந்தாள்.

ஏரியின் கதை இது. பூங்காவின் கதை வேறு வழியில் வந்தது. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், பட்டினத்தின் நடுவே, இன்றைய மத்திய இரயில் நிலையத்தருகே, 116 ஏக்கரில் பூங்கா அமைக்க ஏற்பாடு செய்தார். பெயரே 'பீப்பிள்ஸ் பார்க்', மக்கள் பூங்கா! சிறு ஏரிகள், உலாச் சாலைகள், இசைமேடை, விலங்குக் காட்சிசாலை என்று வசதிகள் பல. ஆண்டிறுதியிலே பெருங்கண்காட்சி நடக்கும். 1886-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அந்தக் கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் என்பது சென்னை வரலாற்றின் கண்ணீர்ப் பக்கம்.

அந்த மக்கள் பூங்கா எங்கே? தேடிப் பாருங்கள், கிடைக்காது! விக்டோரியா மண்டபம் வந்தது, 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது, 1913-இல் ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் நல்ல காரணத்தோடுதான் வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் பூங்காவின் ஒரு துண்டைக் கொண்டு சென்றது. 1985-இல் விலங்குகளும் வண்டலூர் சென்றன. எஞ்சியது 'மை லேடீஸ் பூங்கா' என்னும் சிறு மூலை. பொது இடம் ஒரே நாளில் பறிபோவதில்லை. முழம் முழமாகப் போகும், காரணம் சொல்லிக்கொண்டே போகும். இந்தப் பாடத்தை ஏரிக்கரையில் நடக்கும்போது மறவாதீர்கள்.

பூங்கா என்றால் பொழுதைக் கொல்லும் இடமென்று எண்ணுவோரும் உண்டு. நம் நாட்டு அரசியல் வரலாற்றை அவர்கள் அறியார். 1949 செப்டம்பர் 18-ஆம் நாள், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்க விழாக் கூட்டம் நடந்தது இராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான். 1923-இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியது சென்னைக் கடற்கரை மணலில்தான். கட்டணம் கட்டி மண்டபம் எடுக்க இயலாத ஏழைக்குப் பூங்காவே மன்றம், கடற்கரையே கல்லூரி.

சிங்காரவேலரின் மே நாள் எதைக் குறித்தது? சிகாகோத் தொழிலாளர் 1886-இல் கேட்டதை நினைவூட்டியது: எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் எமக்கு! அந்த மூன்றாம் எட்டு இல்லாதவனுக்குப் பூங்கா எதற்கு? இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. ஓய்வு செல்வனின் சொத்தாயிருந்த காலம் போய், தொழிலாளியின் உரிமையான பிறகுதான் பொதுப் பூங்காவுக்குப் பொருள் கிடைத்தது.

இனி ஆவடிக்கு வருவோம். 1955 சனவரியில் இங்கே கூடிய காங்கிரசு மாநாட்டில்தான் சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் செய்தனர். 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-இல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஏரிக்கும் 'டாங்க்' என்பார்கள்; போர் வண்டிக்கும் 'டாங்க்' என்பார்கள். முதல் உலகப் போரில் அந்த வண்டியை மறைவாகச் செய்தபோது, நீர்த்தொட்டி செய்கிறோமென்று சொல்லி வைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இரும்பு டாங்கியால் உலகறிந்த ஆவடி, தன் நீர் 'டாங்கை' நெடுநாள் மறந்திருந்தது!

ஆலைகள் வந்தன; ஆட்கள் வந்தனர்; வயல்கள் மனைகளாயின. பாசனம் நின்ற ஏரிக்கு மதிப்பும் நின்றது. வீடுகள் பெருகிய வேகத்தில் கழிவுநீர்க் குழாய்கள் வரவில்லை. சாக்கடை ஏரியைத் தேடி வந்தது. கரையோரம் செல்வோர் மூக்கைப் பொத்திச் சென்றனர். 2015 டிசம்பர் பெருவெள்ளம் சென்னையைச் சூழ்ந்தபோதுதான், ஏரியை இழந்த ஊர் எதை இழந்தது என்பது பலருக்கு விளங்கிற்று. வெள்ளத்தை வாங்கி வைக்கவும், கோடையில் நிலத்தடி நீரை ஊட்டவும் ஏரியைப்போல் இன்னொரு கருவி கிடையாது.

ஏறத்தாழ 87 ஏக்கர் பரப்புள்ள பருத்திப்பட்டு ஏரி, சுமார் 28 கோடி ரூபாய்ச் செலவில் சீரமைக்கப்பட்டு, 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கரையை ஒட்டி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடைபாதை, பறவைகள் தங்க நீர் நடுவே மண் திட்டுகள், சிறுவர்க்கு விளையாட்டிடம், படகுத்துறை, இருக்கைகள் என அன்று அமைத்தனர். அதே ஆண்டில்தான் ஆவடி மாநகராட்சியுமாயிற்று. ஊர் மாநகரான ஆண்டிலேயே மக்களுக்கொரு நடைவெளி கிடைத்தது நற்பேறன்று, நல்ல தேவை.

வசதிகளைப் பாராட்டுகிறேன். ஆனால் வசதி அமைந்துவிட்டால் உரிமை நிறைந்துவிடுமா? என் வகுப்பு மாணவர்க்கு ஒருநாள் வீட்டுப்பாடம் கொடுத்தேன்: 'உன் தாய் ஓய்வு கொள்ளும் இடம் எது? பத்து வரி எழுதுக.' மறுநாள் ஏடுகளைத் திருத்த அமர்ந்தேன். 'அடுப்பங்கரை' என்று எழுதியிருந்தான் ஒருவன். 'திருவிழா நாளில் கோயில்' என்று எழுதியிருந்தாள் ஒருத்தி. 'அம்மா ஓய்வெடுத்து நான் பார்த்ததில்லை' என்று ஒரே வரியில் முடித்திருந்தான் மற்றொருவன். பத்து வரி எழுதாததற்காக அவனுக்கு மதிப்பெண் குறைக்க என் கை எழவில்லை.

ஆலைத் தொழிலாளிக்கு வாரத்துக்கு 48 மணி என்றது சட்டம். அடுப்படித் தொழிலாளிக்கு எத்தனை மணி? ஞாயிறு மாலை அப்பா நடக்கிறார், அண்ணன் ஓடுகிறான், தங்கை ஊஞ்சலாடுகிறாள். அம்மாவோ அவர்கள் திரும்பி வந்ததும் உண்பதற்கு மாவு அரைத்துக்கொண்டிருக்கிறாள்! ஏரிக்கரையில் வேலி இல்லை, காவலன் இல்லை, ஆனால் வீட்டு வாசலில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி நிற்கிறது. மணிமேகலைக்குச் சோலைகளை விலக்கிய காலம் இன்னும் முற்றாகக் கழியவில்லை.

ஆதலால், இளைஞர்களே, நாம் செய்யவேண்டியவை சில உண்டு. பொது இடத்தில் நல்ல விளக்கும் தூய கழிப்பறையும் கேளுங்கள். அவை இல்லாத பூங்கா, ஆண்களின் பூங்காவாகவே நிற்கும். உள்ளே வர விலை என்றொன்று வைத்தால், அது ஏழையைத் திருப்பி அனுப்பும் விலையாகிவிடாமல் காவல் நில்லுங்கள். ஏரியில் ஒரு சொட்டுச் சாக்கடை கலந்தாலும் எழுதுங்கள், கேளுங்கள், மீண்டும் கேளுங்கள். சென்னையின் மக்கள் பூங்கா முழம் முழமாகக் கரைந்ததை நினைத்து, ஒரு முழத்தையும் விட்டுக்கொடாதீர்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, வருகிற ஞாயிறன்று மாவை நீங்கள் அரையுங்கள். உங்கள் தாயைக் கரைக்கு அனுப்புங்கள்!

என் தாய் இப்போதெல்லாம் வாரம் தவறாமல் வருகிறாள். இருக்கையைக் கண்டால் என்னைக் கேட்பதில்லை. சென்ற வாரம், தயங்கி நின்ற ஒரு முதியவளைப் பார்த்து, சற்றே நகர்ந்து இடம் விட்டு, "வந்து உட்காருங்க அக்கா, இது நம்ம இடந்தான்" என்றாள்.

சட்டமன்றத்தில் எழுந்த குரல் என் தாயின் நாவுக்கு வந்து சேர நூறு ஆண்டுகள் ஆயின. இனி அது எல்லாத் தாயர் நாவிலும் ஒலிக்க வேண்டும். அதுவரை நமக்கு ஓய்வில்லை!