முடியாத பட்டியல்: லீ இயற்கணித வரலாற்றில் ஒரு பகுதி

வரலாறு என்றால் மன்னரும் கல்வெட்டும் மட்டும்தானா? கணிதத்துக்கும் வரலாறு உண்டு. கல்லூரி வாசலை மிதிக்காத வியாபாரி நான். எனக்கு விளங்கிய அளவில் அதில் ஒரு பகுதியைச் சங்க அன்பர்கள் முன் வைக்கிறேன்.

நார்வே அறிஞர் சோபஸ் லீயின் பெயரால் வழங்கும் இயற்கணிதத்தில், இரண்டு உறுப்புகளைச் சேர்த்தால் மூன்றாவது ஒன்று கிடைக்கும். வரிசையை மாற்றினால் குறி மாறும். ஜாக்கோபி விதி என்ற நிபந்தனையும் உண்டு. இவற்றுள் மேலும் உடைக்க முடியாத 'எளிய' வகைகளை, பிரவுன்ஸ்பெர்க் என்ற சிற்றூரில் ஆசிரியராயிருந்த வில்ஹெல்ம் கில்லிங் 1888 முதல் 1890 வரை வகைப்படுத்தினார். 1894இல் எலி கார்த்தான் நிரூபணங்களைச் செம்மையாக்கினார். கலப்பெண்களின் மேல் நான்கு தொடர்கள், ஐந்து தனி வகைகள். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது!

இதற்கு எதிர்முனையில் 'நில்பொட்டன்ட்' வகை. இதில் சேர்க்கையைத் திரும்பத் திரும்பச் செய்தால் சில படிகளில் எல்லாம் சுழியாகிவிடும். பார்க்க எளிது, பட்டியல் போடத்தான் கடினம். 1891இல் லைப்சிக் நகரில் கார்ல் உம்லாஃப் ஆறு பரிமாணம் வரை பட்டியலிட்டார். 1958இல் ரஷ்யாவின் மொரோசோவ் ஆறாம் பரிமாணத்தை மீண்டும் வகைப்படுத்தினார். மெய்யெண்களின் மேல் மொத்தம் 34 வகை. ஏழுக்குப் போனால் எண்ணிக்கை முடிவதில்லை. ஓர் எண்ணை மாற்ற மாற்றப் புதுப்புது வகை வரும் குடும்பங்கள் அங்கே உள்ளன. கலப்பெண்களின் மேல் அவற்றையும் சேர்த்து முறையாக அட்டவணையிட்டவர்களில் ஒருவர் கிரெய்க் சீலி (1993).

சரி, இதற்கு மேல் எப்படிப் போவது? எங்கள் கடைத் தராசு போல ஒரு வழி இருக்கிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எடை கொடுங்கள். எடை 1ம் எடை 2ம் சேர்ந்தால் எடை 3 வரவேண்டும், அல்லது சுழி வரவேண்டும். இப்படி அமைந்தவை 'படிநிலை' இயற்கணிதங்கள். சுழியாவதற்கு மிக அதிகப் படிகள் எடுத்துக்கொள்ளும் வகைக்கு 'இழை வடிவம்' என்று பெயர். அதில் இயல்பான படிநிலை உடையவை, ஒற்றைப்படைப் பரிமாணத்தில் ஒன்று, ஆறு முதலான இரட்டைப்படையில் இரண்டே இரண்டு என்று பிரான்சின் மிஷேல் வெர்ன் 1970இல் காட்டினார்.

மற்ற இழை வடிவங்கள் யாவும் இவற்றின் உருத்திரிபுகளே. அதாவது, கூடுதல் எடையுள்ள உறுப்புகளை விடையோடு சேர்த்துப் பெறப்படுபவை. ஜாக்கோபி விதி மட்டும் கெடக்கூடாது. இயற்கணிதங்களின் உருத்திரிபுக் கோட்பாட்டை 1964இல் கெர்ஸ்டன்ஹேபர் வகுத்தார். நெயன்ஹைஸ், ரிச்சர்ட்சன் இருவரும் அதை லீ இயற்கணிதங்களுக்குக் கொண்டுவந்தார்கள்.

பட்டியல் முடியவில்லையே, உழைப்பு வீண்தானே என்பார் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கையிருப்பை எண்ணி முடிக்க முடியாத இடத்தில், எது மூலம், எது அதிலிருந்து பிறந்தது என்று தெரிந்துகொள்வதே பெரிய லாபம். கில்லிங்குக்குக் கிடைத்தது முழுப் பட்டியல். பின்வந்தவர்களுக்குக் கிடைத்தது வழி. இரண்டும் அறிவுதான்.