ஊரி குளறுகிறது

1848 செப்டெம்பரில் இலங்கையின் குடியேற்றச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்திருந்தார். வாவிக்குள் இசை கேட்கிறதாமே என்று மீனவரை விசாரித்தார். அவர்கள் காட்டியது மீனை அல்ல, ஓட்டுக்குள் வாழும் சிற்றுயிரான ஊரியை. நிலா எழுந்ததும் அவர்களோடு தோணியேறிப் போய்த் தம் காதாலேயே கேட்டார். ஒரே நீண்ட சுரமாக இல்லாமல், தனித்தனியான எண்ணற்ற சிற்றொலிகள் நீரடியிலிருந்து எழுந்தன. தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஒலி இன்னும் பெருத்தது.

மீனவர் சொன்ன பெயர் 1859இல் லண்டனில் வெளியான அவருடைய ‘சிலோன்’ நூலில் மூன்று துண்டாகக் கிடக்கிறது: ஊரி, கூலூரு, கிராடு. ‘கிரையிங் ஷெல்’ என்று பொருளும் தருகிறார். ஒலியே பொருளை எதிரொலிக்கும் பெயர் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

துண்டுகளைச் சேர்த்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எனக்குக் கேட்பது ‘ஊரி குளறுகிறது’. தமிழ்நாட்டில் குளறினால் பேச்சுத் தடுமாறுகிறது என்று பொருள். நம் பக்கத்தில் குளறுவது வாய்விட்டு அழுவது. செத்த வீட்டில் குளறுவார்கள். ஆக, மீனவர் சொன்னது பெயரே அல்ல, எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியம். நீருக்குள் நடப்பதைச் சொன்னார்கள். அவர்களுடைய வினைமுற்று கடல் கடந்ததும் பெயருக்கு முன் நிற்கும் அடையாகிவிட்டது.

ஆங்கிலத்தில் இந்த மாற்றம் ஓசையின்றி நடந்துவிடும். ‘கிரையிங்’, பின்னர் அதன் இடத்துக்கு வந்த ‘சிங்கிங்’ இரண்டும் ஒரே வார்ப்பு. பெயருக்கு முன் நின்றால் அடை. தனித்து நின்றால் தொழிற்பெயர். ‘இஸ்’ஸோடு சேர்ந்தால் வினை. தமிழ் இவற்றைப் பாடும், பாடுதல், பாடுகிறது என்று உருவத்திலேயே பிரித்துவிடும். இலக்கணத்தில் இப்படி ஒட்டி நிற்கும் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் பொருளில் விலகுகின்றன. கிரையிங் என்றால் அழுவதும் ஆகும், உரத்துக் கூவுவதும் ஆகும். சிங்கிங்கில் துயரம் கட்டாயமில்லை. குருவியும் செய்யும், அடுப்பில் கொதிக்கும் கேத்திலும் செய்யும்.

உலகத்துக்குப் பிடித்தது ‘சிங்கிங் பிஷ்’தான். ஊரியின் இடத்தில் மீன் வந்தது, குளறலின் இடத்தில் பாட்டு வந்தது. 1924இல் எழுந்த கல்லடிப் பாலம் அதைக் கேட்கப் பேர்போன இடமாயிற்று. நிலாக் காலத்தில் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு, மறுமுனையில் காதை வைப்பார்கள். ஊரே ‘மீன்பாடும் தேனாடு’ ஆகிவிட்டது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் அரங்கேறிய யாழ்நூலில், மீனையும் ஊரியையும் விட்டு நீரர மகளிரைப் பாட வைத்தார்.

அந்த அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் பாடசாலையில் பாடும் மீனைப் பற்றிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த மீனவரின் வாக்கியத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாவியில் தொழில் செய்தவர்கள் தங்கள் காதால் கேட்டுத் தங்கள் மொழியில் சொன்னது அது. எழுவாய் ஊரி, பயனிலை குளறுகிறது.